தாளக்காரரைக் காணோம்

நாகஸ்வரம் வந்தது, தவில் வந்தது, ஒத்து வந்தது, தாளக்காரரைத்தான் காணோம். ராக்கியண்ணன் சோபாவின் நுனிக்கு நகர்ந்து, முழங்கை ரெண்டையும் தொடையில் ஊன்றி, இடது ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தார், வலது பெட்டியைப் பார்த்தார், முறைத்துப் பார்த்தால் பயந்துகொண்டு வெளியே வந்துவிடும் என்கிற மாதிரி. இசைத்தட்டு அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அட்டை பக்கத்தில் கிடந்தது. அட்டையில் நாகஸ்வரக்காரர்கள் ரெண்டு பேரும் கடுக்கன் மின்ன உட்கார்ந்திருந்தார்கள், தவில்காரர் தோளை அகட்டிக்கொண்டிருந்தார், ஓரத்தில் தாளக்காரர், படம் பிடித்தவன் அவர் மூஞ்சியில் பாதியை வெட்டிவிட்டான், ஆனாலும் கையில் இருக்கிற வெண்கலத் தாளக் கிண்ணி ரெண்டும் தெரிகிறது, ஒன்றோடொன்று மோதப்போகிற நேரம். அந்த ஆள் அன்றைக்கு வந்திருக்கிறார், உட்கார்ந்திருக்கிறார், தட்டு முழுக்க அடித்திருக்கிறார், அப்புறம் எங்கே போனார். டொக்கென்று ஏதோ ஒன்று கேட்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ விரலை மடக்கித் தட்டுகிற மாதிரி. ஆனால் வெண்கலம் அப்படியா பேசும். கிணுக்கென்று கிளம்பி, நூல் மாதிரி நீண்டு, அடுத்த அடி விழுகிறவரைக்கும் அறுந்துபோகாமல் நிற்குமே, அந்த நூலை எவன் அறுத்தான். பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்த ஸ்டான்லி எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று கண்ணாலேயே கேட்டான். இந்த இசைப்பெட்டி, இதை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயர், எல்லாம் அவன் கையால் செய்து கொடுத்தது. பெட்டியின் உச்சியில் மேல்சத்தத்துக்கென்றே பட்டுத்துணிக் குமிழ் போல ஒரு சின்ன வட்டம், ட்வீட்டர் என்பான், அதைத்தான் மறுபடியும் மாற்றியிருக்கிறான். ராக்கியண்ணன் தலையை இடமும் வலமும் ஆட்டினார். பெட்டி கெட்டிருக்கட்டும், முருகா, பெட்டி கெட்டே இருக்கட்டும்.

கொடுத்த பொருள் நல்லதாக இருக்க வேண்டும் என்றுதான் ஊரில் இருக்கிறவனெல்லாம் சாமி கும்பிடுவான், நான் ஒருத்தன்தான் கெட்டிருக்கணும் என்று கும்பிடுகிறேன் என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு தொண்டையில் பாதி வழி வந்து காய்ந்த தோலில் மாட்டி இருமலாகிவிட்டது. தண்ணீர். எந்நேரமும் பக்கத்தில் தண்ணீர் பாட்டில், பச்சைக் குழந்தைக்கு வைக்கிற மாதிரி. கழுத்தில் கரண்டு வைத்துப் புற்றுக்கட்டியைச் சுட்டதில் எச்சிலும் சேர்ந்து பொசுங்கிப்போயிற்று. நாக்கு போயிற்று, வீட்டுக்காரி சம்பூரணம் வைக்கிற கொள்ளுப் பருப்பும் ஒன்றுதான் ஈர அட்டையும் ஒன்றுதான். தொண்டை போயிற்று, உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இந்த முக்கில் நின்று கத்தினால் அந்த முக்கில் லாரிக்காரன் பிரேக் போடுவான், அந்தத் தொண்டை இப்போது தகரத்தை மணலில் இழுக்கிற மாதிரி. போகட்டும், போ, போ என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்ததே ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்ளத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், குமட்டல் வயிற்றைப் பிழிந்தெடுக்கிறபோதெல்லாம், போனைக் காதோரம் வைத்து நாகஸ்வரம் கேட்டார். போன் ஒரு கொசு, அதில் என்ன வரும், ஆனாலும் கேட்டார், ஏனென்றால் அவருக்கு ஸ்டான்லியின் கடை ஞாபகம் இருந்தது. நோய் வருவதற்கு முந்தின வருஷம், பழைய டிரான்ஸ்ஃபார்மர் வேணுமென்று வந்தவனோடு பேசிப் பேசி, அவன் கடைவரைக்கும் போய், சும்மா உட்காருங்ணா என்று சொன்னானே என்று உட்கார்ந்தபோது, இதே தட்டைத்தான் போட்டான். நாகஸ்வரக்காரர் மூச்சு எடுப்பது கேட்டது. தவில்காரர் விரலில் மாட்டின கூடு தோலை உரசுவது கேட்டது. தாளம் விழுந்தபோது முன்னங்கையில் முடி எழுந்து நின்றது. ஒரு ரூபாய் சாமானுக்கு ஒன்பது குறை சொல்லி வாங்குகிற ராக்கியண்ணன் அன்றைக்கு ஒரு குறையும் சொல்ல வாய் வராமல் எழுந்து வந்தார். கட்டிலில் கிடந்து அதைத்தான் எண்ணினார். எழுந்தால் அது. சோறு வேண்டாம், சத்தம் போட வேண்டாம், எழுந்து வீட்டுக்குப் போனால் அந்தப் பெட்டி, அந்தத் தட்டு, காலையில் குளித்துவிட்டு ஒரு பக்கம், சாயந்திரம் மறுபக்கம், அவ்வளவுதான் வாழ்க்கை, போதும். எழுந்தார். வாங்கினார். போட்டார். துண்டைப் போட்டு மூடின மாதிரி இருந்தது.

ஏமாத்திட்டான். முதலில் வந்த நினைப்பு அதுதான், இப்போதும் அதை இறுகப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். கடையில் காட்டினது ஒன்று, வீட்டுக்கு அனுப்பினது ஒன்று. அவருக்குத் தெரியாத வேலையா. செப்புக் கம்பி என்று கொண்டுவருவான், சுரண்டினால் அலுமினியத்துக்கு மேல் பூச்சு. வெண்கல வால்வு என்பான், வயிற்றுக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருப்பான். அத்தனை திருட்டுப் பயல்களையும் ராக்கியண்ணன் பிடித்தது கண்ணால் இல்லை, காதால். சட்டைப்பையில் சின்ன சுத்தியல், அதை எடுத்து ஒரு தட்டு, அவ்வளவுதான். நல்ல வார்ப்பு மணி மாதிரி பாடும், கீறல் விட்ட வார்ப்பு ஓட்டைப் பானை மாதிரி இருமும். படிப்பு ஏறாத தலைக்குச் சாமி காதைக் கொடுத்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்தக் காதை வைத்துத்தான் எடைக்கு வாங்கி எடைக்கு விற்கிறவன் மத்தியில் யோக்கியமான வியாபாரி என்று பேரெடுத்தது, வீடு கட்டினது, மகள் வினோதினியைப் படிக்கவைத்தது. அப்புறம் அந்த லேத்துப் படுக்கை. அதை நினைக்காதே. நினைக்காதே என்றதும் அது வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது, கிரீஸ் வாடையோடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல்முதலாகக் கடைக்குப் போன அன்று, மூடிக் கிடந்த பட்டறையிலிருந்து வந்த பெரிய லேத்து, கடைசல் மிஷின், அதைத் தாங்குகிற வார்ப்புப் படுக்கையைத் தட்டினார், இருமியது. இன்னொரு இடத்தில் தட்டினார், இருமியது. கீறல், வேண்டாம், ஓட்டிட்டுப் போ என்று கொண்டுவந்தவனிடம் சொன்னார். பக்கத்துக் கடை நாச்சிமுத்து அதை வாங்கிக் கழுவித் துடைத்தான், ஒரு பொட்டுக் கீறல் இல்லை, மறுவாரமே ஓட்டத்தில் விட்டான். விட்டதோடு நிற்காமல் டீக்கடையில் வைத்து, என்ன மச்சா, சுத்தியலுக்கும் கரண்டு வெச்சாங்களா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ராக்கியண்ணன் அவன் சட்டையைப் பிடித்திருப்பார், ஆனால் அந்த நேரத்தில் அவருக்குள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது: அன்றைக்குத் தட்டினது எல்லாமே இருமிற்றே. அந்த லேத்து மட்டுமில்லை. வாசலில் கிடந்த தண்டவாளத் துண்டு, தராசுக் கல், எல்லாமே. உலகத்தில் இருக்கிற இரும்பெல்லாம் ஒரே நாளில் கீறல் விடுமா என்ன. விடாது. விடாதென்றால். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை, சுத்தியலை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஸ்டான்லிக்குப் போன் போட்டுத் திட்டினார்.

"உனக்குக் கேக்கும்டா," என்று இப்போதும் சொன்னார். "வித்தவனுக்கு எல்லாமே கேக்கும்."

ஸ்டான்லி கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். கோபப்பட்டால் ரெண்டு வார்த்தை சேர்த்துக் கொடுக்கலாம், சண்டையில் ஒரு சூடு பிறக்கும், சூட்டில் உண்மை பொய் எல்லாம் ஒன்றாக உருகிவிடும். அவன் ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டே, கடையில் வைத்திருக்கிற தன் சொந்தப் பெட்டியிலிருந்து கழற்றிவந்த ட்வீட்டர் இது, அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்து கேட்டதே அதே சாமான்தான் என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அதே சாமான். பேரத்தில் எதிராளி கடைசித் துருப்பைப் போட்டுவிட்டால் முகத்தில் காட்டக் கூடாது, அங்கே பார்க்கிற மாதிரி எங்கேயோ பார்க்க வேண்டும். எங்கேயோ பார்த்தார். அங்கே, நினைப்பில், அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா நின்றாள். சின்னப் பெண், வினோதினி வயசுதான் இருக்கும், ஊசி போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகச் சொன்னாள், முடி கொட்டலாம், கிட்னி பார்த்துக்கணும், விரல் நுனி மரத்துப்போகலாம், காது, அதுவும் மேல்சத்தம், அது போனால் திரும்பி வராது. அவர் என்ன செய்தார். அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். வியாபாரத்தில் முதல் வாய்க்கு எவனும் உள்ளதைச் சொல்லமாட்டான், உச்சத்தில் ஏற்றித்தான் சொல்லுவான், அப்போதுதான் இறங்க இடம் இருக்கும். இந்தம்மாவும் ஏற்றிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். பாதிக்குப் பாதி தள்ளிவிடலாம். காதெல்லாம் போகாது, அது சும்மா சந்தை விலை. சிரித்துக்கொண்டே, முடிய எடுத்துக்குங்க, கிட்னில வேணா ஒண்ணு எடுத்துக்குங்க, காத உட்ருங்கம்மா என்றார், பக்கத்தில் சம்பூரணம்கூடச் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை, சொன்னதையே இன்னொரு தரம் அதே குரலில் சொன்னாள், வேற மருந்துக்கு மாத்தலாம், ஆனா கட்டிக்கு இதுதான் நல்லா கேக்கும், யோசிச்சுச் சொல்லுங்க என்றாள். யோசிக்கச் சொன்னாளே. வாய்விட்டுச் சொன்னாளே. முப்பது வருஷம் மனுஷன் மூஞ்சியைப் படித்த ராக்கியண்ணனுக்கு, உள்ளதை உள்ளபடி சொல்கிற மூஞ்சி எதிரில் நின்றபோது அடையாளம் தெரியவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்றை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. போடுங்கம்மா என்று கையை நீட்டினார். மருந்து முடிந்தபின் காதுக்குப் பரிசோதனை வைத்துப் பார்க்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டார்கள், ரெண்டு தரம் கூப்பிட்டார்கள், போகவில்லை. போய் உட்கார்ந்து அந்த மூடின அறைக்குள் பொத்தானை அமுக்கிக்கொண்டு, கேக்குது, கேக்கல, கேக்குது, கேக்கல. போகாதவரைக்கும் அது பெட்டியின் குற்றம். போகாதவரைக்கும் ஸ்டான்லி ஒரு திருட்டுப்பயல். திருடனைத் திருத்தலாம், மாற்றிக் கொடு என்று கழுத்தில் உட்காரலாம், காதுக்கு எவன் கழுத்தில் போய் உட்காருவது.

அதோடு அவர் பக்கம் ஒரு சாட்சி இருந்தது, அதுதான் பெரிய பலம். சம்பூரணம். முதல் நாளே அவளைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்து, நல்லாக் கேளு, தாளம் கேக்குதா உனக்கு என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மங்கலாத்தானுங்க இருக்குது என்றாள். அப்பாடா என்று அவருக்கு உயிர் வந்தது. அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளாக ஸ்டான்லியைப் போட்டு உலுக்குகிறார், எனக்கு மட்டுமில்லை, என் வீட்டுக்காரிக்கும் கேக்கல, அவளுக்கு என்ன ஊசியா போட்டாங்க. இப்போதும் அவள் அதோ சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டான்லி அவள் பக்கம் திரும்பி, அண்ணி, உங்களுக்கும் நெசமாவே கேக்கலீங்களா என்று கேட்டான். எனக்கென்னப்பா தெரியும், மங்கலாத்தான் இருக்குது என்று முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஸ்டான்லி அவளைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தான். அப்புறம், துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பேசினான்.

"அண்ணா, இதுக்கு மேல எங்கிட்ட வேற சாமான் இல்லீங்ணா. நா பெட்டிய எடுத்துட்டுப் போயர்றேன். குடுத்தத முழுசாத் திருப்பித் தந்தர்றேன். வேற யாருகிட்டயாச்சும் நல்லதா பாத்துக்குங்க."

பேரம் முடிந்தது, ராக்கியண்ணன் ஜெயித்துவிட்டார். இப்படி ஒரு ஜெயிப்பு எதிரிக்கும் வரக் கூடாது. எடுத்துட்டுப் போடா என்று வாய் சொல்லிவிட்டது, பழக்க தோஷம், எதிராளி இறங்கிவந்தால் உடனே கையை அடித்து முடித்துவிடுகிற வாய். ஸ்டான்லி பெட்டிக்குப் பின்னால் போனான், வயர் கழற்ற. கழற்றட்டும். அப்புறம். வேறொருத்தன் வருவான், வேறு பெட்டி வரும், அதிலும் தாளக்காரர் இருக்கமாட்டார். அதையும் அனுப்பிவிட்டு இன்னொன்று. சுவரோரம் இந்தப் பெட்டிகள் நின்ற இடம் சதுரமாக வெளுத்துக் கிடக்கும், காலையில் குளித்துவிட்டு வந்து அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். தட்டில் இப்போது தனி ஆரம்பித்திருந்தது, நாகஸ்வரங்கள் ஒதுங்கிக்கொள்ள தவில்காரர் தனியாக இறங்கி அடிக்கிற இடம். இடி மாதிரி விழுந்தது, கீழ்ச்சத்தத்துக்கு ஒரு குறைவும் இல்லை, நெஞ்சுக்கூட்டில் வந்து மோதிற்று. மோதிவிட்டு, சட்டென்று நிறுத்தினார் தவில்காரர். வேண்டுமென்றே விடுகிற இடைவெளி அது, தாளத்தை மட்டும் தனியாக ஓடவிட்டு, கேட்கிறவனைத் தவிக்கவைத்து, எங்கேயோ வந்து பிடிப்பார். ராக்கியண்ணனுக்கு அந்த இடைவெளி வெறும் குழி. ஒன்றுமில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீரும் இல்லை, ஆழமும் தெரியவில்லை. அந்தக் குழிக்குள் விழுந்தபடியே அவர் கண் எங்கேயாவது பிடிமானம் தேடி சம்பூரணத்தின் மேல் போய் விழுந்தது. அவள் வெங்காயத் தோலை நகத்தால் சுண்டினாள். நிறுத்தினாள். சுண்டினாள். நிறுத்தினாள். சுண்டினாள். தவில் திரும்ப வந்து இடித்தது, சரியாக அவள் நகம் விழுந்த இடத்தில் வந்து இடித்தது. தற்செயல். மறுபடியும் தவில் நின்றது, மறுபடியும் குழி, குழிக்குள்ளே அவள் நகம் மட்டும் ஒரே சீராகச் சுண்டி, சுண்டி, சுண்டி, தவில்காரர் எங்கே வந்து விழுவாரோ அங்கே கொண்டுபோய் விட்டது. அவளுக்கே தெரியாது. கைபாட்டுக்குச் செய்கிறது. காது கேட்டதைக் கை செய்கிறது. பட்டப்பகல் மாதிரிக் கேட்கிறது அவளுக்கு, முதல் நாளிலிருந்தே கேட்டிருக்கிறது. ராக்கியண்ணனின் சாட்சி பொய்ச்சாட்சி. கோபம் வரும் என்று காத்திருந்தார், அவருக்குத்தான் எதற்கெடுத்தாலும் வருமே, வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள், ரத்தமாக வாந்தி எடுத்துவிட்டுச் சாய்ந்தபோது, இந்தக் காதும் போச்சுன்னா அப்புறம் நா எதுக்குடி இருக்கணும் என்று இவளிடம்தான் சொன்னார், சொல்லிவிட்டு மறந்தும்போனார். அவள் மறக்கவில்லை. பெட்டியின் முன்னால் உட்காரவைத்து, கேக்குதா என்று கேட்டபோது, அவள் காதில் தாளமா விழுந்திருக்கும், இதுதான் விழுந்திருக்கும். அன்றிலிருந்து தினம் குளித்துவிட்டு வந்து அவர் தட்டைப் போடுகிறபோதெல்லாம் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள், சிரிக்காமல், தலையாட்டாமல், கேட்பதைக் கேட்காத மாதிரி. நாக்கில் ருசி தெரியாதவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உப்பில்லாமல் தின்கிறவள் மாதிரி.

"ஸ்டான்லி, கழட்டாத. உட்ரு."

அவன் பெட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ராக்கியண்ணன் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார், வாங்க வந்தவன் சரக்குப் பிடித்துவிட்டால் சாய்கிற சாய்வு. இப்பக் கேக்குதுரா என்றார். கிணுக் கிணுக்குனு விழுகுது பாரு, இந்தச் சாமான மொதல்லயே போட்டிருந்தா எதுக்கு உன்னய நா இத்தன பேச்சுப் பேசறேன். குரல் தகரம் மாதிரியேதான் வந்தது, நல்ல வேளை, இந்தக் குரலில் பொய் எது மெய் எது என்று யாருக்கும் தெரியாது. ஸ்டான்லி சரிங்ணா என்றான், செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணி வரேனுங்க என்று சொல்லிவிட்டு, ஓடித் தப்பிக்கிறவன் மாதிரி வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். சம்பூரணம் முறத்தைக் கீழே வைத்தாள். நெசமாலுமேங்களா என்றாள். நெசமாலுந்தான், ஏன், உனக்குக் கேக்கலயா என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், வெங்காயமா என்னவோ, எனக்கும் கேக்குதுங்க, நல்லாக் கேக்குது என்றாள். அவளுக்கு எவ்வளவு நாளாக அடைத்துக் கிடந்த வார்த்தை, வெளியே வந்ததும் முகமே தெளிந்துவிட்டது. அந்த முகத்துக்காக இன்னும் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தோன்றியது, அடுத்த நொடியே, சொல்லித்தான் தீர வேண்டும் என்பதும் தோன்றியது, நாளைக் காலையில் குளித்துவிட்டு வந்து, நாளை மறுநாள், அதற்கடுத்த நாள், கேட்காத ஒன்றைக் கேட்டு ரசிக்கிறவனாக இந்தச் சோபாவில், சாகிறமட்டும். பெட்டியைக் குற்றம் சொல்ல இனி வழியில்லை. கூடச் சேர்ந்து கேக்கலயே என்று சொல்ல இனி ஆளும் இல்லை. ஒரு பேச்சில் ரெண்டையும் விற்றுவிட்டார்.

அவள் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். பெங்களூரிலிருந்து வினோதினியின் முகம் திரையில் வந்தது. அப்பாவுக்குக் கேட்டுருச்சு கண்ணு, ஸ்டான்லி வேற சாமான் போட்டான், எல்லாம் கேக்குதாமா என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு எழுந்து வந்தாள், இந்தா நீயே பாரு, அப்பா தாளம் போடறத பாரு என்று போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். போடுங்கப்பா என்றாள் மகள் அங்கேயிருந்து. ராக்கியண்ணன் வலது கையைத் தூக்கினார். தவில் ஓடிக்கொண்டிருந்தவரைக்கும் சமாளித்தார், அடியோடு அடியாகத் தொடையில் தட்டினார், மகள் சிரித்தாள், சம்பூரணம் சிரித்தாள். அப்போது தவில்காரர் மறுபடியும் நிறுத்தினார். குழி. கை மேலே இருந்தது. அவள் நகத்தைத் தேடினார், அவள் விரல்களெல்லாம் போனைப் பிடித்திருந்தன, ஒன்றுகூட அசையவில்லை. முகத்தைப் பார்த்தார், முகம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது, கேட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தது. போட்டே ஆக வேண்டும். இங்கேயா. இன்னும் கொஞ்சம் தள்ளியா. எங்கே தட்டினாலும் இருமும் என்று தெரிந்த இரும்பின் மேல் இறக்குவது மாதிரி கையை இறக்கினார். இன்னொரு தரம் இறக்கினார். சம்பூரணத்தின் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது மெல்ல வடிந்துபோனதை, மூஞ்சி படித்துப் பிழைத்தவர், ஒரு வரி விடாமல் படித்தார். என்னம்மா, அப்பா தாளம் ஒரு மாதிரி என்று திரைக்குள்ளிருந்து மகள் ஆரம்பித்தாள்.

"சரியாத்தான் போடறாரு கண்ணு," என்றாள் சம்பூரணம்.